இரண்டு டவர், ஒரே புளோயர்: ராணிப்பேட்டை கியர் வால்வு எப்படி இருக்கிறது?

ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு சிறு பட்டறை செய்து தரும் கியர் வைத்த பட்டர்ஃபிளை வால்வையும் (குழாய்க்குள் ஒரு வட்டத் தட்டு திரும்பி வழியைத் திறந்து மூடும் வால்வு), அதைப் பொருத்திய பிறகு அதே பட்டறையினர் நேரில் வந்து செய்து தரும் ‘பேலன்சிங்’ (ஓட்டத்தைச் சமன்படுத்தும்) பணியையும் பற்றிய மதிப்புரை இது. தோல் கழிவிலிருந்து பயோகேஸ் எடுக்கும் எங்கள் நிலையத்தில், ஒரே புளோயரிலிருந்து (வாயுவைத் தள்ளும் விசிறி) வரும் வாயுவை இரண்டு சுத்திகரிப்பு டவர்களுக்குச் சமமாகப் பிரித்து அனுப்புவதற்காக இதை வாங்கினோம். கைப்பிடி வைத்த சாதாரண வால்வைவிட விலை அதிகம். சொன்ன தேதிக்குப் பொருள் வரவில்லை. வேறு சில குறைகளும் உண்டு. இருந்தும் வாங்கலாம் என்றே சொல்வேன். ஆனால் எல்லோருக்கும் இது தேவைப்படாது என்பதால், எங்கே பயன்படும், எங்கே பணம் வீண் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் தேவையைச் சொல்லிவிடுகிறேன். மேல்விஷாரம், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று பழைய வட ஆற்காடு மாவட்டம் முழுவதும் பரவிக் கிடக்கும் தோல் ஷெட்டுகளில், முடி நீக்கச் சோடியம் சல்ஃபைடும், பிக்கிள் செய்ய (தோலை உப்பும் அமிலமும் கலந்த நீரில் ஊறவைக்க) கந்தக அமிலமும், குரோம் பதனிடுதலுக்குக் குரோமியம் சல்ஃபேட்டும் பயன்படுகின்றன. இவற்றின் மிச்சம் கழிவோடு டைஜெஸ்டருக்குள் (கழிவை மூடி வைத்து வாயு எடுக்கும் தொட்டி) போகும்போது, அங்குள்ள நுண்ணுயிரிகள் சல்ஃபேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றிவிடுகின்றன. அதனால் மாட்டுச் சாணத்திலிருந்து வரும் வாயுவைவிட நம் வாயுவில் இந்த நஞ்சு பல மடங்கு கூடுதலாக, சில ஆயிரம் பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற கணக்கு) அளவுக்குக்கூட இருக்கும். அப்படியே கேஸ் எஞ்சினுக்கு அனுப்பினால் எஞ்சின் ஆயிலும் பேரிங்கும் விரைவில் கெட்டுவிடும். ஆகவே இரும்பு ஆக்சைடு குண்டுகள் நிரப்பிய டவர் வழியாக வாயுவைச் செலுத்துகிறோம். இரும்பு ஆக்சைடு கந்தகத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு இரும்பு சல்ஃபைடாக மாறும். பிடிக்கும் திறன் தீர்ந்தபின் குண்டுகளை மாற்ற வேண்டும்.

இரண்டு டவர்களை இணையாக வைத்தவுடன் சிக்கல் தொடங்குகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சரிபாதியாக வாயு போனால் ஒவ்வொரு டவரின் குண்டுகளும் 90 நாள் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். வாயு 60-க்கு 40 என்று பிரிந்தால், அதிகம் வாங்கும் டவர் 75 நாளிலேயே தீர்ந்துவிடும். அந்த நேரத்தில் மற்ற டவரில் மூன்றில் ஒரு பங்கு திறன் அப்படியே மிச்சமிருக்கும். ஆனால் இரண்டின் வாயுவும் வெளியே ஒன்றாகக் கலந்துதான் எஞ்சினுக்குப் போகிறது என்பதால், தீர்ந்துபோன டவரின் அழுக்கு நல்ல டவரின் வாயுவையும் கெடுத்துவிடும். கலந்த பிறகு ஒரே இடத்தில் மட்டும் அளப்பவர்களுக்கு எந்த டவர் கோளாறு என்றே தெரியாது. பெரும்பாலும் இரண்டையும் திறந்து, பாதி நல்ல சரக்கைச் சேர்த்துக் கொட்டிவிடுவார்கள். மதிப்புரையின் நடுவே ஒரு யோசனை: எந்த வால்வை வாங்கினாலும் வாங்காவிட்டாலும், ஒவ்வொரு டவரின் வெளிவழியிலும் தனித்தனியாக மாதிரி எடுக்க ஒரு சிறு குழாய் வைத்துவிடுங்கள்.

அளவிலும் உயரத்திலும் ஒரே மாதிரி செய்த டவர்கள்தானே, வாயு தானாகச் சமமாகப் பிரியாதா என்று பலர் கேட்கிறார்கள். பிரியாது. ஒன்றில் குண்டுகளைக் கொட்டிய விதம் சற்று இறுக்கமாக இருக்கும். ஒன்றில் ஈரம் கூடி அடியில் கட்டி பிடித்திருக்கும். ஒரு டவருக்குப் போகும் குழாயில் ஒரு வளைவு கூடுதலாக இருக்கும். இதில் பலர் தலைகீழாக நினைத்திருக்கும் விஷயம் ஒன்று உண்டு. மெயின் குழாயில் புளோயருக்கு அருகில் இருக்கும் கிளைக்குத்தான் அதிக வாயு போகும் என்பது பொதுவான எண்ணம். ஆனால் குட்டையான, உராய்வு குறைந்த மெயின் குழாயில், முதல் கிளையில் கொஞ்சம் பிரிந்தபின் மிச்ச வாயுவின் வேகம் குறைந்து அழுத்தம் ஏறுவதால், கடைசிக் கிளைக்கே அதிகம் போகும். எங்கள் நிலையத்திலும் தள்ளி இருந்த டவரே முதலில் தீர்ந்துகொண்டிருந்தது.

முன்பு எங்களிடம் இருந்தவை வேறோர் ஊரின் கடையிலிருந்து வாங்கிய கைப்பிடி வால்வுகள். அவற்றில் பல்லுப் பல்லாக வெட்டிய தகட்டில் கைப்பிடி ஒவ்வொரு பல்லாகத்தான் உட்காரும். இரண்டு பற்களுக்கு நடுவே நிற்காது. முழுதாகத் திறக்கவோ மூடவோ அது போதும். வாயுவைச் சமன்படுத்துவதற்கு அது ஒத்துவராது, ஏனென்றால் நமக்கு வேண்டிய நிலை எப்போதும் இரண்டு பற்களுக்கு நடுவில்தான் இருக்கும். சில இடங்களில் கைப்பிடியைக் கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். புளோயரின் அதிர்வில் அது நாளடைவில் நகர்ந்துவிடும். கியர் வால்வையோ சக்கரத்தைத் திருப்பி எந்த நிலையிலும் நிறுத்தலாம்.

இந்தப் பட்டறையைத் தேடிப் போனதற்குக் காரணம் உண்டு. ராணிப்பேட்டையில் பெல் (BHEL) நிறுவனத்தின் பாய்லர் துணைக்கருவி ஆலை இருப்பதால், அதைச் சார்ந்து வளர்ந்த பட்டறைகளில் டேம்பர் (ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தகடு), டக்ட் (பெரிய வாயுப் பாதை) வேலை தெரிந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். அனல் மின் நிலையத்தின் புகையை மின்னியல் தூசி வடிகட்டிகளின் இணையான பல பாதைகளுக்குச் சமமாகப் பிரித்து அனுப்பும் தொழில் அது. நம்முடைய சிக்கலின் பெரிய அண்ணன். அந்த வடிகட்டிகளில் வாயு கூடக் கூடத் தப்பிக்கும் தூசி அடுக்கடுக்காகக் கூடும். இரண்டு பாதைகளும் சமமாக இருக்கும்போது 100-க்கு 1 பங்கு தூசி தப்பினால், 60-க்கு 40 ஆகப் பிரியும்போது கிட்டத்தட்ட 1.4 பங்கு தப்பும். குறைவாக வாங்கும் பாதையில் கிடைக்கும் லாபம், அதிகமாக வாங்கும் பாதையின் நட்டத்தை ஈடு கட்டுவதே இல்லை. இந்தக் கணக்கு கையில் ஊறியவர்கள் என்பதால், எங்கள் பட்டறைக்காரர் விலையைச் சொல்வதற்கு முன்பே, ‘டவருக்குள் எவ்வளவு பிரஷர் டிராப் (அழுத்த இழப்பு) ஆகிறது, அதைச் சொல்லுங்கள் சார்’ என்று கேட்டார். வால்வு விற்பவர் வாயிலிருந்து இந்தக் கேள்வி வருவது அபூர்வம்.

அந்தக் கேள்வியிலிருந்துதான் அளவு முடிவாயிற்று. எங்கள் கிளைக் குழாய் 150 மி.மீ.; நாங்களும் 150 மி.மீ. வால்வையே கேட்டிருந்தோம். அவர் 100 மி.மீ. போதும், இரண்டு பக்கமும் ரெடியூசர் (குழாய் அளவைக் குறைக்கும் இணைப்பு) வைத்துக்கொள்ளலாம் என்றார். குழாயின் முழு அளவுக்குப் பட்டர்ஃபிளை வால்வு வைத்தால், அது முழுதாகத் திறந்திருக்கும்போது அதன் தடை ஒன்றுமே இல்லை என்ற அளவுக்குக் குறைவு; டவரின் குண்டுகளே எல்லாத் தடையையும் தருகின்றன. அதனால் 90 டிகிரியிலிருந்து 40 டிகிரி வரை மூடிக்கொண்டே வந்தாலும் ஓட்டத்தில் பெரிய மாற்றம் தெரியாது. அதற்குக் கீழே வந்ததும் சிறிது திருப்பினாலே ஓட்டம் சரசரவென்று விழும். அந்தக் குறுகிய இடத்தில் வால்வை நிறுத்தி வைப்பது யாராலும் ஆகாத காரியம். 100 மி.மீ. வால்வின் குறுக்குப் பரப்பு 150 மி.மீ. வால்வினதில் பாதிக்கும் குறைவு என்பதால், கட்டுப்பாடு நடுவிலேயே, கைக்கு அடங்கும் இடத்திலேயே கிடைக்கிறது. இதற்குக் கூலியாகப் புளோயர் கொஞ்சம் கூடுதல் அழுத்தம் தர வேண்டும். எங்கள் புளோயரில் அதற்கு இடம் இருந்தது. உங்களுடையதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.

இனிப் பொருளைப் பற்றி. உடல் வார்ப்பிரும்பு, உள்ளே எபாக்ஸி பூச்சு. தட்டும் தண்டும் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். மூடும்போது தட்டு படியும் சீட் நைட்ரைல் ரப்பர். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் இபிடிஎம் ரப்பரை எரிவாயுவுக்குப் போடக் கூடாது என்று கேட்காமலே சொல்லிவிட்டார்கள். பித்தளை உதிரி எதுவும் வாயு படும் இடத்தில் இல்லை என்பதை நானே கழற்றிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன், ஏனென்றால் ஹைட்ரஜன் சல்ஃபைடு பட்டால் செம்பும் பித்தளையும் கறுத்து அரிக்கும். தண்டு படுக்கைவாட்டில் இருக்கும்படி பொருத்தச் சொன்னார்கள். நேராக நிறுத்தினால் வாயுவில் வரும் தண்ணீரும் கந்தகத் தூளும் அடிப் பேரிங்கில் தேங்கி, சில மாதங்களில் தண்டு இறுகிவிடும். வால்வை டவருக்கு முன்னால் வைக்காமல் பின்னால், சுத்தமான வாயு வரும் பக்கம் வைத்ததும் அவர்கள் யோசனையே. சமன்படுத்துவதற்கு எந்தப் பக்கம் வைத்தாலும் ஒன்றுதான். வால்வின் ஆயுளுக்குப் பின்பக்கமே நல்லது.

எச்டிபிஇ (கெட்டியான பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்) குழாய் வைத்திருப்பவர்கள் இந்த வகை வால்வில் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். வால்வின் உடல் ஒல்லியாக இருப்பதால், தட்டைத் திறக்கும்போது அது இரண்டு பக்கமும் குழாய்க்குள் நீட்டிக்கொண்டு போகும். எச்டிபிஇ குழாயின் சுவர் தடிமன் அதிகம். வெளிவிட்டம் சரியாக இருந்தாலும் உள்விட்டம் சுருங்கி, தட்டின் ஓரம் குழாயில் முட்டி நின்றுவிடும். எங்கள் பட்டறையினர் இரு பக்கமும் ஒரு ஸ்பேசர் வளையம் வைத்து, தட்டை முழுதாகத் திறந்து மூடிக் காட்டிய பிறகே போல்ட்டை இறுக்கினார்கள். இன்னொன்று, நம் ஊர் வெயில். சித்திரை மாதத்தில் திறந்த வெளியில் கிடக்கும் 10 மீட்டர் எச்டிபிஇ குழாய், 20 டிகிரி வெப்பம் ஏறினால் 3 முதல் 4 செ.மீ. வரை நீளும். அந்த நீட்சி வந்து வால்வின் ஃபிளாஞ்சை (போல்ட் போட்டு இணைக்கும் விளிம்பு வளையம்) தள்ளாமல் இருக்க, வால்வுக்குத் தனித் தாங்கி வேண்டும். தாங்கியை அவர்கள் விலையில் சேர்க்கவில்லை, நாங்களே செய்துகொண்டோம்.

பணம் கொடுத்ததற்கு முழு மதிப்பு கிடைத்தது பேலன்சிங் பணியில்தான். பட்டறையினர் விலை உயர்ந்த ஃபிளோமீட்டர் எதையும் கொண்டுவரவில்லை. ஈரமான பயோகேஸில் பல மீட்டர்கள் ஒழுங்காகக் காட்டுவதும் இல்லை. ஒரே தகட்டிலிருந்து, ஒரே துளை அளவில் வெட்டிய இரண்டு ஓரிஃபிஸ் பிளேட்டுகளை (நடுவில் துளையிட்ட தகடுகள்) இரண்டு கிளைகளிலும், அச்சில் வார்த்ததுபோல் ஒரே நீள நேர்க்குழாயில் பொருத்தி, ஒவ்வொன்றுக்கும் நிறம் கலந்த தண்ணீர் ஊற்றிய யு வடிவ மேனோமீட்டரை (துளைக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தைக் காட்டும் குழாய்) மாட்டினார்கள். இரண்டு பிளேட்டும் ஒன்றுபோல் இருப்பதால், எத்தனை கன மீட்டர் போகிறது என்று கணக்கிடவே வேண்டாம். இரண்டு மேனோமீட்டரிலும் தண்ணீரின் உயர வித்தியாசம் ஒன்றாக வந்துவிட்டால் ஓட்டமும் ஒன்றுதான். ஒன்றில் 90 மி.மீ., மற்றதில் 40 மி.மீ. என்று காட்டினால், விகிதம் 9-க்கு 4. வர்க்கமூலம் எடுத்தால் 3-க்கு 2. அதாவது வாயு 60-க்கு 40 ஆகப் பிரிகிறது. ஓட்டத்தில் உள்ள வித்தியாசம் மேனோமீட்டரில் வர்க்கமாகப் பெருகித் தெரிவதால், சிறு ஏற்றத்தாழ்வும் கண்ணுக்குத் தப்பாது. இதை ஒருமுறை பார்த்துப் புரிந்துகொண்ட எங்கள் ஆபரேட்டர்கள், இப்போது யாரையும் கேட்காமல் தாங்களே சரிபார்த்துக்கொள்கிறார்கள்.

முறையும் எளியது. முதலில் இரண்டு வால்வுகளையும் முழுதாகத் திறக்க வேண்டும். எந்தக் கிளையில் ஓட்டம் குறைவோ அதன் வால்வைத் தொடவே கூடாது. ஓட்டம் அதிகமுள்ள கிளையின் வால்வை மட்டும் மெதுவாக மூடிக்கொண்டே வந்து, இரண்டு மேனோமீட்டரும் சமமாகும் இடத்தில் நிறுத்த வேண்டும். இரண்டு வால்வுகளையும் பாதி பாதி மூடி வைத்தாலும் சமன் வரும். ஆனால் அந்தக் கூடுதல் தடை முழுவதும் புளோயரின் மின்சாரச் செலவாகத்தான் போகும். கியரின் பற்களுக்கிடையே சிறிது தளர்வு இருப்பதால், சக்கரத்தை எப்போதும் மூடும் திசையிலேயே திருப்பி நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்றும், கூடுதலாக மூடிவிட்டால் நன்றாகத் திறந்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டு வர வேண்டும் என்றும் பட்டறையிலிருந்து வந்த இளைஞர் ஆபரேட்டர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். மூன்று, நான்கு டவர் வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் கொஞ்சம் கூடும்: ஒன்றை மூடினால் மற்ற எல்லாவற்றிலும் ஓட்டம் ஏறும் என்பதால், ஓட்டம் மிகக் குறைந்த கிளையை அளவுகோலாக வைத்து, மற்றவற்றை ஒவ்வொன்றாக அதோடு ஒப்பிட்டுக்கொண்டே வர வேண்டும்.

மேனோமீட்டருக்குப் போகும் சிறு குழாய்களில் தண்ணீர் தேங்கினால் எல்லாக் கணக்கும் பொய்யாகிவிடும். இரவில் குழாய் குளிரும்போது பயோகேஸிலிருந்து நீர் பிரிந்து அங்கே இறங்கும். காலையில் அளப்பதற்கு முன் வடித்துவிட வேண்டும். அதற்கான வடிகால் குப்பியைப் பட்டறையினர் தாங்களாக வைக்கவில்லை. கேட்டபின் வைத்துக் கொடுத்தார்கள்.

இனிக் குறைகள். கியர் பெட்டியின் மேலுள்ள சுட்டுமுள், தட்டின் உண்மையான கோணத்தோடு ஒத்துப்போகவில்லை. ஒரு வால்வில் முள் முழுதாக மூடியிருப்பதாகக் காட்டும்போதும் தட்டு இலேசாகத் திறந்திருந்தது. மேனோமீட்டரைப் பார்த்துச் சரிசெய்யும் வரை இது பெரிய பாதகம் இல்லை என்றாலும், முள்ளை நம்பி வேலை செய்பவர் ஏமாந்துபோவார். நிலையைப் பூட்டி வைக்க வசதி தரவில்லை. கியருக்குத் தானாக நகராத தன்மை உண்டு, ஆனால் இரவு ஷிஃப்டில் யாராவது சக்கரத்தைத் திருப்பினால் தடுக்க ஒன்றும் இல்லை. நாங்கள் ஒரு சங்கிலியும் பூட்டும் வாங்கி மாட்டினோம். பெயர்த்தகட்டின் மேலேயே பெயிண்ட் அடித்துவிட்டார்கள். சோதனைச் சான்றிதழுக்குப் பலமுறை போன் செய்ய வேண்டியிருந்தது. பேலன்சிங் முடிந்தபின் கொடுத்த அறிக்கை, ஒரு வெள்ளைத்தாளில் பேனாவால் எழுதிய நான்கு வரிகள்தான். மாசுக் கட்டுப்பாட்டு ஆய்வின்போது காட்ட அது போதாது.

பாதுகாப்பு விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சமன்படுத்தும் வால்வை, டவரைத் திறக்கும்போது வாயுவை அடைக்கும் வால்வாக நம்பக் கூடாது. ரப்பர் சீட் சிறிது தேய்ந்தாலும் வாயு கசியும். ஹைட்ரஜன் சல்ஃபைடு 100 பிபிஎம் அளவிலேயே உயிருக்கு உடனடி ஆபத்து தருவதாகக் கருதப்படுகிறது. அந்த அளவில் மூக்கு மரத்துப்போய் நாற்றமும் தெரியாது. மீத்தேனோ காற்றில் 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருந்தால் தீப்பற்றும். குண்டுகளை மாற்றுவதற்கு முன் டவரின் இரண்டு பக்கமும் இரும்புத் தகடு செருகி அடைத்தே தீர வேண்டும். தீர்ந்த குண்டுகள் காற்றுப் பட்டால் சூடேறித் தாமாகவே எரியக்கூடும் என்பதால், அவற்றை நனைத்துக்கொண்டே வெளியே எடுக்க வேண்டும். இதைப் பட்டறையினர் தெளிவாகச் சொன்னார்கள். அதற்கான ஃபிளாஞ்ச் இடைவெளியையும் விட்டிருந்தார்கள்.

தானியங்கி வால்வு வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: குண்டுகளின் தடை வாரக்கணக்கில்தான் மாறுகிறது. அதற்கு மோட்டார் வைத்த வால்வும் கன்ட்ரோலரும் வீண் செலவு. மேலும் இரண்டு கிளைகளுக்கும் தனித்தனிக் கன்ட்ரோலர் வைத்தால், ஒன்று மூட மற்றது திறக்க என்று ஒன்றையொன்று துரத்திக்கொண்டே இருக்கும். வைத்தே ஆக வேண்டும் என்றால் ஒரு கிளையை முழுதாகத் திறந்து வைத்துவிட்டு, மற்றொன்றில் மட்டும் வைக்கலாம்.

புளோயரில் அழுத்தம் தாராளமாக இருப்பவர்களுக்கு என் பரிந்துரை வேறு. டவர்களை இணையாக வைக்காமல் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக வையுங்கள். முதல் டவர் முழுதாகத் தீரும் வரை இரண்டாவது காவல் நிற்கும். தீர்ந்ததும் முதலாவதில் புதுக் குண்டு நிரப்பி இடத்தை மாற்றிவிடலாம். சமன்படுத்தும் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் முழு வாயுவும் இரண்டு டவர்கள் வழியாகவும் போக வேண்டியிருப்பதால், அழுத்த இழப்பு இணை அமைப்பைப் போல் குறைந்தது 4 மடங்கு ஆகும். எங்கள் புளோயர் அதற்குத் தாங்காது என்பதால்தான் இந்த வழிக்கு வந்தோம்.

இணையாகத்தான் வைக்க முடியும் என்றிருப்பவர்கள் இந்த வால்வைத் தயங்காமல் வாங்கலாம். ஆர்டர் கொடுக்கும்போது ஓரிஃபிஸ் பிளேட்டுகள், வடிகால் குப்பி, பூட்டும் வசதி, தாங்கி, தட்டச்சு செய்த அறிக்கை ஆகியவற்றை எழுத்தில் சேர்த்துவிடுங்கள். இரண்டு டவர்களிலும் ஒரே நாளில் புதுக் குண்டு நிரப்பாதீர்கள். சமன் சரியாக இருந்தால் இரண்டும் ஒரே வாரத்தில் தீர்ந்துபோய், எஞ்சினை நிறுத்த வேண்டி வரும். ஒன்றை மட்டும் மாற்றும் ஒவ்வொரு முறையும் மேனோமீட்டரை மாட்டி, வால்வைப் புதிதாகச் சரிசெய்ய வேண்டும். அந்த வேலைக்குப் பட்டறையினர் தனியாகப் பணம் கேட்கிறார்கள். முதல் முறை கூட நின்று கற்றுக்கொண்டால் அந்தச் செலவு மிச்சம்.